விளையாட்டுக் கார்டுப் பெட்டி: சொல்லும் விலைக்குத் தகுமா என்று கணக்கிடும் முறை

சென்ற ஆண்டு இறுதியில் ஒரு சனிக்கிழமை மாலை, அல்சூரில் வசிக்கும் என் அக்கா மகன் ஒரு பெட்டியின் படத்தைக் கைப்பேசியில் அனுப்பி, “மாமா, ஃபுட்பால் கார்டு பாக்ஸ், சீல் பிரிக்காதது, 12,000 சொல்றாங்க. எடுக்கலாமா?” என்று கேட்டான். ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக அது எனக்குப் படவில்லை. அவனை வீட்டுக்கு வரச் சொல்லி, ஒரு தாளை எடுத்து வைத்து, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அன்று போட்ட கணக்கையும், அதற்கு முன் நான் பணத்தை விட்டுக் கற்றுக்கொண்ட ஓரிரு பாடங்களையும், பெங்களூரில் இந்தப் பொழுதுபோக்கில் புதிதாக இறங்கும் நம்மவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வளர்ந்தவர்களுக்கு பிக் ஃபன் பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் படங்களும், மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டுகளும் நினைவிருக்கும். இப்போது பேசப்போவது அதே குடும்பத்தைச் சேர்ந்த, ஆனால் பல மடங்கு விலை கூடிய சரக்கு: வீரர்களின் படம் அச்சிட்ட கார்டுகள், உள்ளே எது இருக்கும் என்று தெரியாத மூடிய பாக்கெட்டுகளில் வருபவை. அமெரிக்காவின் டாப்ஸ், அப்பர் டெக், இத்தாலியின் மொடேனா நகரில் 1961-இல் தொடங்கப்பட்ட பானினி ஆகியவை இதில் பெரிய பெயர்கள். பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் 1952-ஆம் ஆண்டு டாப்ஸ் கார்டு ஒன்று 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது போன்ற செய்திகளைப் படித்துவிட்டுத்தான் பலரும் இந்தப் பக்கம் வருகிறார்கள். அது எழுபது ஆண்டுகளாகப் பழுதில்லாமல் தப்பிப் பிழைத்த ஒற்றைக் கார்டின் விலை. நேற்று அச்சான பெட்டியின் விலையை எடைபோட அந்தச் செய்தி எந்த வகையிலும் உதவாது.

கணக்கில் இறங்குவதற்கு முன் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பெட்டிக்குச் சந்தையில் நிலவும் விலையோடு ஒப்பிட்டால் கடைக்காரர் சொல்வது நியாயமா என்பது முதல் கேள்வி. அந்த விலையைக் கொடுத்து வாங்கிப் பிரித்தால் உள்ளே இருந்து என்ன வரும் என்பது இரண்டாவது கேள்வி. புதியவர்கள் முதல் கேள்விக்கு விடை கண்டதும், இரண்டாவதற்கும் சேர்த்து விடை கிடைத்துவிட்டதாக எண்ணிப் பணத்தை எடுத்து நீட்டிவிடுகிறார்கள்.

பெட்டி எந்த வகையைச் சேர்ந்தது

ஒரே பெயரில், ஒரே ஆண்டில், ஒரே வீரரின் படத்தோடு நான்கைந்து விதமான பெட்டிகள் வெளிவருகின்றன. கார்டுக் கடைகளுக்கென்று வருவது ஹாபி பெட்டி. பெரிய அங்காடிகளுக்கு வருவது ரீடெய்ல், அதிலேயே பிளாஸ்டர், மெகா என்று உட்பிரிவுகள் உண்டு. எடுத்துக்காட்டாக, பானினியின் 2019-20 பிரிஸம் கூடைப்பந்து ஹாபி பெட்டியில் பாக்கெட்டுக்கு 12 கார்டு வீதம் 12 பாக்கெட்டும், இரண்டு கையெழுத்துக் கார்டுகளும் உண்டு. அதே வரிசையின் பிளாஸ்டர் பெட்டியில் கையெழுத்துக்கு எந்த உறுதியும் கிடையாது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். விற்பவர் அனுப்பும் படத்தில் பெட்டியின் முன்பக்கம் மட்டும் இருந்தால், அடிப்பக்கத்தையும் பக்கவாட்டுகளையும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ‘ஹாபி’ என்ற சொல், பாக்கெட் எண்ணிக்கை, ஒரு பாக்கெட்டில் எத்தனை கார்டு என்ற விவரம் ஆகிய மூன்றையும் நம் கண்ணால் படித்த பிறகே விலை பேச வேண்டும். “பெட்டிக்கு ஒரு கையெழுத்து” என்று பெரிய எழுத்தில் இருந்தாலும், அருகே “சராசரியாக” என்று பொடி எழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

உரிமத்தையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடலாம். பானினி வெளியிட்ட அண்மைக்கால பேஸ்பால் கார்டுகளில் வீரர்கள் இருப்பார்கள், அணிச் சின்னம் இருக்காது. வீரர் சங்கத்தின் உரிமம் மட்டும்தான் அந்த நிறுவனத்திடம் இருந்தது, லீக்கின் உரிமம் இல்லை. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் கார்டு உரிமம் 2025-26 சீசனிலிருந்து டாப்ஸிடம் போய்விட்டது. சின்னம் இல்லாத சீருடையில் வீரர் நிற்கும் கார்டுக்கு, அதே வீரரின் உரிமம் பெற்ற கார்டுக்குக் கிடைக்கும் விலை பெரும்பாலும் கிடைப்பதில்லை.

செக்லிஸ்ட்டும் ஆட்ஸும்

ஒவ்வொரு வரிசைக்கும் நிறுவனம் வெளியிடும் கார்டுப் பட்டியலுக்குச் செக்லிஸ்ட் என்று பெயர். நிறுவனத்தின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும் அந்தப் பட்டியலைப் படிக்காமல் பெட்டி வாங்குவது, மெனு பார்க்காமல் சாப்பாட்டுக்கு முன்பணம் கட்டுவதைப் போன்றது. அதில் முதலில் பார்க்க வேண்டியது ரூக்கிகளை, அதாவது அந்த ஆண்டு முதன்முதலாகக் கார்டில் இடம்பெறும் இளம் வீரர்களை. ஒரு பெட்டியின் மதிப்பில் பெரும்பகுதியை அவர்களில் இரண்டு மூன்று பேர்தான் தாங்கி நிற்கிறார்கள். அடுத்தது, கையெழுத்திட்டவர்களின் பட்டியல். பெட்டியின் மேல் ஒரு நட்சத்திர வீரரின் முகத்தை அச்சடித்திருப்பதால் அவர் உள்ளே கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று பொருளாகாது. பட்டியலில் பெயரைத் தேடிப் பார்த்தால் தெரிந்துவிடும். சில கையெழுத்துகள் கார்டின் மேலேயே இடப்பட்டவை, சில ஸ்டிக்கரில் வாங்கி ஒட்டப்பட்டவை. முதல் வகைக்கு விலை கூடுதல். இன்னும் சில கார்டு வடிவில் வராமல், பின்னர் நிறுவனத்திடம் பதிந்து பெற்றுக்கொள்ள வேண்டிய ரிடெம்ப்ஷன் சீட்டாக வரும். அதில் கெடுதேதி உண்டு. பழைய பெட்டி என்றால் தேதி கடந்திருக்கும். புதியது என்றாலும் இந்திய முகவரிக்கு அனுப்புவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

பாக்கெட்டின் பின்புறம் 1:24, 1:240 என்று அச்சிட்டிருப்பதைத்தான் ஆட்ஸ் என்கிறார்கள். 1:240 என்றால் அந்த வகைக் கார்டு சராசரியாக 240 பாக்கெட்டுக்கு ஒன்று என்று பொருள். 240 பாக்கெட் பிரித்தால் ஒன்று கட்டாயம் வந்துவிடும் என்று பலரும் புரிந்துகொள்கிறார்கள். கார்டுகள் கலந்து கிடக்கின்றன என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், ஆளுக்கு 240 பாக்கெட் பிரிக்கும் நூறு பேரில் ஏறக்குறைய 37 பேருக்கு ஒன்றுகூட வராது.

தாளில் போட்ட கணக்கு

அன்று அக்கா மகனோடு போட்ட கணக்கை, எண்களைச் சற்றே முழுமையாக்கித் தருகிறேன். பெட்டி விலை 12,000 ரூபாய். பாக்கெட்டுக்கு 8 கார்டு வீதம் 20 பாக்கெட், ஆக மொத்தம் 160 கார்டு. அதில் ஒரு கையெழுத்து, நான்கு எண்ணிட்ட (மொத்தம் எத்தனை அச்சானது என்று எண் பொறித்த) வண்ணக் கார்டுகள், எண்ணில்லாத பளபளப்புக் கார்டுகள் 20, இன்சர்ட் என்னும் சிறப்புக் கார்டுகள் ஐந்து, மீதி 130 சாதாரண பேஸ் கார்டுகள்.

கையெழுத்துப் பட்டியலில் 60 பேர். அவர்களில் நான்கு பேருடைய கையெழுத்து 10,000 ரூபாய் அளவில் விற்றிருந்தது. 16 பேருடையது 1,200. மீதி 40 பேருடையது 350. எல்லாருடைய கார்டும் சம எண்ணிக்கையில் அச்சாகியிருப்பதாக வைத்துக்கொண்டால் சராசரி 1,220 ரூபாய் வருகிறது. உண்மையில் பெரிய வீரர்களின் கையெழுத்துக் கார்டுகள் பெரும்பாலும் குறைவாகவே அச்சாகும் என்பதால், இந்தச் சராசரியும் கொஞ்சம் தாராளமானதுதான். அவன் மனத்தில் இருந்தது 10,000; சராசரி 1,220; ஆனால் பிரித்தால் மூன்றுக்கு இரண்டு முறை கைக்கு வரப்போவது 350. இந்த மூன்று எண்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் காட்டியபோது அவன் சிறிது நேரம் பேசவில்லை.

அடுத்து, எண்ணிட்ட கார்டு நான்கு, ஒன்றுக்குச் சராசரி 250 என்று 1,000 ரூபாய். பளபளப்புக் கார்டு 20, தலா 30 என்று 600. சாதாரண ரூக்கி கார்டு 25, தலா 15 என்று 375. அந்த ஆண்டு எல்லாரும் தேடும் ஒரே ஒரு ரூக்கியின் பேஸ் கார்டு 1,500 ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. மொத்த பேஸ் வரிசை 300 கார்டு, நம் பெட்டியில் வருவது 130, ஆகவே அது கிடைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 43 விழுக்காடு, அதன் மதிப்பு 650. 1:240 என்ற ஆட்ஸ் கொண்ட அரிய கார்டு சராசரியாக 9,000 பெறும். 20 பாக்கெட்டில் அது பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 750. மற்ற பேஸ் கார்டுகளுக்கும் இன்சர்ட்டுகளுக்கும் சுழி போட்டேன். “நூறு கார்டுக்கு மேல சும்மாவா மாமா?” என்றான். சும்மாதான். ஒன்றுக்கு இரண்டு ரூபாய் என்று எழுதலாம், ஆனால் அந்த இரண்டு ரூபாயைக் கொடுத்து வாங்குகிறவரை இந்த ஊரில் நான் இன்னும் சந்திக்கவில்லை.

எல்லாம் கூட்டினால் 4,595. விற்பனைத் தளத்தின் கமிஷன், அனுப்பும் செலவு ஆகியவற்றுக்கு 15 விழுக்காட்டைக் கழித்தால் 3,900 சொச்சம். கொடுத்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கு. எல்லாப் பெட்டிகளுக்கும் இதே விகிதம் வரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிரிப்பவரின் சராசரி வரவு பெட்டி விலையைத் தாண்டினால், அந்தப் பெட்டிகளை விற்பவர்களே பிரித்துக்கொள்வார்கள் என்பதை யோசித்தால், விடை எந்தப் பக்கம் சாயும் என்பது புரியும். மீதி 8,000 ரூபாய், பிரிக்கும் அரை மணி நேரத்துக்கான நுழைவுச்சீட்டு. அந்தச் சீட்டுக்கு 8,000 கொடுக்க மனம் ஒப்பினால் தாராளமாக வாங்கலாம். அதில் தவறொன்றும் இல்லை. சின்னசாமி மைதானத்தில் ஒரு ஐ.பி.எல். ஆட்டத்துக்குக் குடும்பத்தோடு போனால் அதற்குமேல் செலவாகிறது, யாரும் அதைத் திரும்ப விற்பதைப் பற்றிக் கேட்பதில்லை.

எந்த விலையை எழுதுவது

இந்தக் கணக்கு முழுவதும், ஒவ்வொரு கார்டுக்கும் நாம் எழுதும் விலையில்தான் நிற்கிறது. கேட்கும் விலையை ஒருபோதும் எழுதக்கூடாது. ஈபே தளத்தில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும்படி வடிகட்டிக்கொண்டு, கடைசி ஐந்தாறு விற்பனைகளை எடுத்து, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் விட்டுவிட்டு நடுவில் இருப்பதை எழுதுங்கள். பி.எஸ்.ஏ. போன்ற தர மதிப்பீட்டு நிறுவனத்திடம் 10 மதிப்பெண் பெற்றுக் கண்ணாடி போன்ற உறைக்குள் இருக்கும் கார்டின் விலையை, பாக்கெட்டிலிருந்து வெறுமனே வரும் கார்டுக்கு எழுதிவிடுவது புதியவர்கள் எல்லாரும் செய்யும் பிழை. இரண்டுக்கும் இடையே பல மடங்கு வித்தியாசம் இருக்கலாம். தரம் பார்க்க அனுப்பும் செலவும் உண்டு, 10 கிடைக்கும் என்பதற்கு உறுதியும் இல்லை. வெளியான முதல் இரண்டு வாரத்து விலைகளையும் நம்பாதீர்கள். சரக்கு பரவலாகப் பிரிக்கப்படாத அந்த நாட்களில் ஒவ்வொரு கார்டும் அரிதாகத் தோன்றும்.

இன்னொன்று, விற்கப்போவது எங்கே என்பது. பெங்களூரில் கால்பந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் கார்டு வாங்குபவர்கள் ஓரளவு இருக்கிறார்கள். வார இறுதியில் சர்ச் தெருவில் காபி குடித்துக்கொண்டே கார்டு மாற்றிக்கொள்ளும் இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன். பேஸ்பாலுக்கோ அமெரிக்கன் ஃபுட்பாலுக்கோ ஆள் கிடைப்பது கடினம். டாலரில் பார்த்த விலை நமக்குக் கிடைக்க வேண்டுமானால் டாலரில் வாங்குபவருக்கு அனுப்பியாக வேண்டும்.

இனி அந்த முதல் கேள்வி, 12,000 நியாயமா என்பது. வெளிநாட்டில் அதே பெட்டி பிரிக்காமல் விற்ற விலை, அதன்மேல் கப்பல் அல்லது விமானச் செலவு, சுங்க வரி, ஜி.எஸ்.டி., கூரியர் நிறுவனம் தனியாகப் போடும் கையாளுதல் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தோம். 10,500 அளவில் வந்தது. ஆகவே கடைக்காரர் அநியாயம் ஒன்றும் செய்யவில்லை. அவருடைய விலை சரிதான், அந்தப் பெட்டிதான் பிரித்தால் கட்டுப்படியாகவில்லை.

சீலைப் பார்ப்பது

இதில் நான் அடிபட்டிருக்கிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் 24 பாக்கெட் கொண்ட ஒரு பெட்டியை, மெட்ரோ நிலைய வாசலில் சந்தித்த ஒருவரிடம் 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். மேலே பிளாஸ்டிக் சுற்று இறுக்கமாகவே இருந்தது. வீட்டுக்கு வந்து விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தபோதுதான், நிறுவனச் சின்னம் வரிசையாக அச்சிட்டிருக்க வேண்டிய அந்தச் சுற்று வெறும் கண்ணாடித்தாளாக இருப்பதும், ஒட்டிய மடிப்பு கோணலாகப் போவதும் தெரிந்தன. உள்ளே பாக்கெட்டுகள் ஒரே திசையில் அடுக்கப்படாமல், சில தலைகீழாக இருந்தன. பாக்கெட்டின் இரு முனைகளிலும் பல் பல்லாக அழுத்தியிருக்கும் விளிம்பை விரலால் தடவினால் சில இடங்களில் வழவழவென்று பசை மினுங்கியது. 24 பாக்கெட்டிலும் சாதாரணக் கார்டைத் தவிர வேறொன்றும் இல்லை. நல்லவற்றை எடுத்துவிட்டுத் திரும்ப ஒட்டிய பெட்டி அது. அவருடைய எண்ணுக்கு அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஆகவே பெட்டியைக் கையில் எடுத்ததும், சுற்றில் சின்னம் அச்சாகியிருக்கிறதா, அதே வரிசையின் வேறு பெட்டிகளின் படத்தோடு ஒப்பிட்டால் மடிப்பு அதே இடத்தில் விழுகிறதா, மூலைகளில் சூடுகாட்டிச் சுருக்கிய தடமோ ஓட்டையோ இருக்கிறதா என்று பாருங்கள். கூரியரில் வந்தால், உறையைக் கிழிப்பதிலிருந்து கடைசி பாக்கெட் வரை நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். பின்னால் வழக்காட அது ஒன்றுதான் கையில் இருக்கும்.

தனித்தனியாக விற்கும் பாக்கெட்டுகளை நான் வாங்குவதில்லை. சீருடைத் துண்டு பதித்த கார்டு மற்றவற்றைவிடத் தடிமனாக இருக்கும்; சிக்பேட்டையில் நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற நுண்தராசு ஒன்று இருந்தால், எடை கூடிய பாக்கெட்டை ஒதுக்கிவிட்டு மீதியை விற்பது எளிது. இதைத் தடுக்க நிறுவனங்கள் வெற்று அட்டைகளைச் சேர்த்துப் பார்க்கின்றன, ஆனாலும் ஐயம் ஐயம்தான். யாரோ பழைய பாக்கெட்டுகளைச் சேர்த்துக் கட்டிய ‘மிஸ்டரி’ பெட்டிகளுக்குச் செக்லிஸ்ட்டும் கிடையாது, ஆட்ஸும் கிடையாது. கணக்கிடவே வழியில்லாத பொருளுக்கு விலை பேசுவதில் பயனில்லை.

சான்று இருந்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். 2022 ஜனவரியில் லோகன் பால் என்னும் யூடியூபர், 35 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய, உண்மையானது என்று சான்றளிக்கப்பட்ட போக்கிமான் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே இருந்தவை ஜி.ஐ. ஜோ என்னும் பொம்மை வீரர்களின் கார்டுகள். அவை விளையாட்டுக் கார்டுகள் அல்ல என்றாலும், ஏமாற்றும் கை எல்லா வகைக்கும் ஒன்றுதான்.

பழைய பெட்டி என்றால்

அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் கொடுத்தது, 35 ஆண்டு பழையது என்று சொல்லி 1990-ஐ ஒட்டிய பேஸ்பால் பெட்டிகளைச் சிலர் விற்பனைக்குக் கொண்டுவருகிறார்கள். ஏறக்குறைய 1987 முதல் 1993 வரையிலான அந்தக் காலத்தை அமெரிக்கச் சேகரிப்பாளர்களே ‘ஜங்க் வாக்ஸ்’ (குப்பை மெழுகுத்தாள்) காலம் என்று அழைக்கிறார்கள். எல்லாரும் எதிர்காலச் சொத்து என்று நினைத்து வாங்கிப் பூட்டி வைக்க, நிறுவனங்களும் அளவில்லாமல் அச்சிட்டுத் தள்ளின. பூட்டி வைத்தது அத்தனையும் இன்றும் அப்படியே இருக்கிறது. அதனால் அவற்றில் பெரும்பாலானவை மலிவாகவே கிடைக்கின்றன.

நேர் எதிரான எடுத்துக்காட்டு, 1986-87 ஃபிளீர் கூடைப்பந்துப் பெட்டி. மொத்த வரிசை 132 கார்டு. பெட்டியில் 12 கார்டு கொண்ட 36 பாக்கெட், அதாவது 432 கார்டு. ஆகவே மைக்கேல் ஜோர்டனின் புகழ்பெற்ற 57-ஆம் எண் கார்டு சராசரியாக ஒரு பெட்டிக்கு மூன்று வர வேண்டும். அதன் மதிப்புக்கு இந்த எளிய வகுத்தலே காரணம், போலிகள் பெருகியதற்கும் இதுவே காரணம். இவ்வளவு பழைய மெழுகுத்தாள் பாக்கெட் பெட்டிகள் பலவும் தொழிற்சாலையிலிருந்து பிளாஸ்டிக் சுற்று இல்லாமலேயே வெளிவந்தவை என்பதையும் நினைவில் வையுங்கள். அவற்றின் மேல் பளபளவென்று ஒரு சுற்று இருந்தால், அதைச் சுற்றியது யார் என்று முதலில் கேட்க வேண்டும்.

பிரிக்காமல் வைத்திருந்து விற்கலாம் என்ற எண்ணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2020-21 கொரோனா காலத்தில் பெட்டி விலைகள் கண்டபடி ஏறின. கார்டுகள் குவிந்து, பி.எஸ்.ஏ. நிறுவனம் 2021 மார்ச் இறுதியில் பெரும்பாலான சேவைகளுக்குப் புதிதாகக் கார்டு பெறுவதையே நிறுத்தி வைத்தது. உச்சத்தில் வாங்கியவர்களில் பலர் பின்னர் பாதிக்கும் கீழான விலையைப் பார்த்தார்கள். அந்த ஆண்டின் ரூக்கி ஒருவர் பெரிய ஆட்டக்காரராக வளர்ந்தால் பெட்டி ஏறும், முழங்காலில் அடிபட்டால் இறங்கும்.

அக்கா மகன் அந்தப் பெட்டியை வாங்கவில்லை. தாளில் இருந்த கணக்கைப் பார்த்துவிட்டு, தனக்குப் பிடித்த அந்த ரூக்கியின் பேஸ் கார்டை மட்டும் 1,400 ரூபாய்க்குப் பேசி முடித்து, ஸ்லீவ் என்னும் மெல்லிய உறையில் போட்டு, டாப் லோடர் என்னும் கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து என்னிடம் கொண்டுவந்து காட்டினான். மூலைகள் நான்கும் கூர்மையாக இருந்தன. படம் மட்டும் இடப்பக்கம் ஒரு மயிரிழை ஒதுங்கியிருந்தது. அதே கடையில் கண்ணாடிக் குவளையில் போட்டு வைத்திருந்த தனிப் பாக்கெட்டுகளில் இரண்டையும் வாங்கி வந்திருந்தான். பிரித்துப் பார்த்தோம். பதினாறும் பேஸ் கார்டு.